இந்தப் பெட்டியில் மட்டும்

அண்ணனுக்காக நான் முதலில் செய்தது விளையாட்டு அல்ல. ஒரு பொத்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நோயில் கை விழுந்த பிறகும் கருவிப் பையை யாருக்கும் கொடுக்கவில்லை. அண்ணி அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள். பைக்குள் ஏதோ பழைய கட்டடத்தில் கழற்றிய அழைப்புப் பொத்தான் ஒன்று கிடந்தது. வட்டமானது. அழுத்தினால் மஞ்சளாக எரியும். அதில் கம்பிகளைப் பற்றவைத்து, கம்ப்யூட்டரில் செருகி, கட்டிலின் தலைமாட்டில் ஒரு வளைகம்பியில் பொருத்தினேன். முகத்தைத் திருப்பினால் கன்னம் படும். அவனால் திருப்ப முடிந்தது அதைத்தான்.

"எத்தனை பேரு என்னைக் கூப்பிட அழுத்தின பட்டன் பாப்பா இது," என்றான். "இப்போ நான் யாரைக் கூப்பிடுறது?"

அண்ணி சமையலறையிலிருந்து சொன்னாள். "என்னைத் தவிர யாரை வேணா கூப்பிடுங்க. இப்பதான் உக்காந்தேன்."

விளையாட்டு அதன் பிறகு வந்தது. ஒரு கட்டடம், ஒரு லிஃப்ட். லிஃப்ட் தானாக ஏறும், தானாக இறங்கும். ஆடுபவர் செய்யக்கூடியது ஒன்றே. அழுத்தினால் நிற்கும். மாடித் தரையோடு சரியாக நிற்க வேண்டும். ஒரு விரல் மேலே நின்றால் தொப்பிக்காரக் கிழவர் தடுக்கி விழுவார். ஒரு விரல் கீழே நின்றால் மீன் தொட்டி சுமந்து வரும் பெண் தண்ணீரைச் சிந்துவாள். அண்ணனின் தொழிலில் இதற்கு லெவல் என்று பெயர். லிஃப்ட் லெவல் பிடித்து நிற்கிறதா, லெவல் தப்பி நிற்கிறதா. எங்கள் தொழிலில் லெவல் என்றால் வேறு. இரண்டுக்கும் சேர்த்து விளையாட்டுக்கு 'லெவல்' என்றே பெயர் வைத்தேன்.

மூளை நினைப்பதற்கும் அண்ணனின் கன்னம் பொத்தானைத் தொடுவதற்கும் இடையே கொஞ்சம் நேரம் போகும். அந்த நேரத்தை நான் விளையாட்டுக்குள் கழித்து வைத்தேன். அவன் அழுத்தும்போது லிஃப்ட் தாண்டிப் போயிருக்கும். ஆனால் அவன் நினைத்த இடத்திலேயே நிற்கும். மற்றவர்கள் விரலால் ஆடினால் லிஃப்ட் எப்போதும் முன்கூட்டியே நின்றது. அண்ணன் ஆடினால் தரையோடு தரையாக நின்றது.

"உங்க அண்ணன் கை ராசி," என்றான் பென்சில்.

"கையா?" என்றேன்.

"சரி. கன்ன ராசி."

பென்சில் படம் வரைபவன். ஆளும் பென்சில் போலத்தான் இருப்பான். எங்கள் நிறுவனம் நாங்கள் இருவர்தான். சாவி வெட்டும் கடைக்கு மேலே ஓர் அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே என் மேசை நடுங்கும். நான் நிரல் எழுதுவேன், அவன் வரைவான். வாரக் கடைசியில் புதிதாகக் கட்டிய மாடியை அண்ணனின் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வருவேன். அவன் ஆடிப் பார்த்துக் குறை சொல்வான். அதுதான் எங்கள் சோதனைப் பிரிவு.

"அந்தக் கிழவரு வேணும்னே விழுறாரு பாப்பா. நான் லெவல்லதான் நிறுத்தினேன்."

"ஒரு இழை மேல நின்னுச்சு."

"ஒரு இழைக்கெல்லாம் விழுறவரு வீட்டுல இருக்க வேண்டியதுதானே. லிஃப்ட்ல என்ன வேலை?"

அண்ணி என்னை வாசல் வரை கொண்டுவந்து விடும்போது ஒருநாள் சொன்னாள். "நீ வர்ற அன்னைக்கு மட்டும் காலையில தானே முழிச்சுக்கிறாரு. முகத்தைத் தொடைச்சு விடு, மாடி வருதுன்னு ஒரே பிடுங்கல்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை செய்பவள். டாக்டர்களை நடைகூடத்தில் மடக்கிக் கேட்கத் தெரிந்தவள். "கழுத்தும் போகும்னு சொல்றாங்க. எப்போன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க."

அப்போது பன்னிரண்டு மாடி முடிந்திருந்தது. கட்டடம் அதற்கு மேலும் போக வேண்டும். உச்சியில் என்ன இருக்கிறது என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் கேட்பான். சொல்ல மாட்டேன்.

பன்னிரண்டோடு பணம் தீர்ந்தது. பென்சில் வெளி வேலையாக ஒரு ஷாம்பூ நிறுவனத்துக்கு முடி வரைந்துகொண்டிருந்தான். நாள் முழுக்க முடி. நான் யாராவது தருவார்களா என்று எழுதிக்கொண்டே இருந்தேன். பதில் எழுதியவர்கள் பாராட்டினார்கள்.

பெட்டிக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது அப்போதுதான். டிவியோடு இணைத்து விளையாடுகிறார்களே, அந்தப் பெட்டி செய்யும் கம்பெனி. வந்தவர் எங்கள் மாடிப்படியில் தலையை இடித்துக்கொண்டார். அதற்கும் சிரித்தார். நீங்கள் அனுப்பிய விளையாட்டை விமானத்தில் ஆடிக்கொண்டே வந்தேன் என்றார். மீன் தொட்டிப் பெண்ணைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டபோது, பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"ஒரு விஷயம் வெளிப்படையா சொல்லிடறேன் மேடம்," என்றார். "எங்க பெட்டியும் அவங்க பெட்டியும் திறந்து பாத்தா ஒண்ணுதான். அதே சில்லு, அதே விசிறி. அப்புறம் ஜனங்க ஏன் எங்ககிட்ட வாங்கணும்? எங்ககிட்ட மட்டும் இருக்கிற ஆட்டத்துக்காக. நாங்க விக்கிறது பெட்டி இல்ல மேடம். அந்த 'மட்டும்'."

"அதுக்காக இவ்வளவு செலவு பண்ணுவீங்களா?" என்றான் பென்சில்.

"சில சமயம் ஸ்டுடியோவையே வாங்கிடுவோம். சில சமயம் முடிக்கக் காசு கொடுப்போம். சில சமயம் அவங்க பக்கம் போகாம இருக்கக் காசு கொடுப்போம். உங்களுக்கு ரெண்டாவது. முடிச்சுக் கொடுங்க. சம்பளம், வாடகை எங்க பொறுப்பு. பெட்டிகள்ல எங்க பெட்டி மட்டும். அவ்வளவுதான் கேக்கிறோம்."

பெட்டிகளில் அவர்கள் பெட்டி மட்டும். கம்ப்யூட்டர் பெட்டி அல்ல. எங்கள் தொழிலில் கம்ப்யூட்டரை யாரும் பெட்டி என்று சொல்ல மாட்டார்கள். அது வேறு, இது வேறு. எனவே நான் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அண்ணனிடம் சொன்னேன்.

"அப்போ நான் ஆட முடியுமா?"

"நீ கம்ப்யூட்டர்ல ஆடுறே. அது இந்தக் கணக்குல வராது."

"தப்பிச்சேன். ஆளு எப்படி?"

"இனிக்க இனிக்கப் பேசுறாரு."

"சர்க்கரை," என்றான் அண்ணன். பெயர் நிலைத்துவிட்டது. பிறகு அவர் முன்னாலேயே பென்சில் இரண்டு முறை அப்படிக் கூப்பிடப் போய் இருமிச் சமாளித்தான்.

கையெழுத்துப் போட்டோம். சில நாட்களில் ஒரு சாம்பல் பெட்டி வந்தது. கடையில் கிடைக்காதது, விளையாட்டு செய்பவர்களுக்கு மட்டும் தருவது. எங்கள் நிரல் முழுவதையும் அவர்களுடைய கருவிகளுக்கு மாற்றினோம். பதின்மூன்றாவது மாடியிலிருந்து எல்லாமே அதற்குள் எழுதியதுதான். அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக எடுத்துப் போக வழி இல்லை. கடைசியில் தனியாக மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அவர்களுடைய சோதனைக்காரர்கள் முதல் வாரமே ஒரு பிழை அனுப்பினார்கள். பொத்தானை அழுத்தியதும் லிஃப்ட் முன்கூட்டியே நிற்கிறது. கழித்து வைத்திருக்கும் நேரத்தை எடுக்கவும்.

"இது பிழை இல்லைன்னு எழுதுங்கக்கா," என்றான் பென்சில்.

எழுதினேன். மறுபடி பிழை என்றே வந்தது. மறுபடி எழுதினேன். சர்க்கரை தொலைபேசியில் அழைத்து, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது மேடம், எல்லாரும் விரலால்தானே ஆடுவார்கள் என்றார். எடுத்தேன். அண்ணனுக்கான கம்ப்யூட்டர் பிரதியில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு அவரிடமே கேட்டேன், கம்ப்யூட்டர் பிரதியை எப்போது வெளியிடுவது என்று.

"எந்தக் கம்ப்யூட்டர் மேடம்?"

"கம்ப்யூட்டர்தான் சார்."

"நம்ம பெட்டியில மட்டும்தானே மேடம்."

"பெட்டிகள்ல உங்க பெட்டி மட்டும்னு சொன்னீங்க."

"அப்படியா சொன்னேன்? சொல்லியிருப்பேன். பேச்சுல முன்ன பின்ன வர்றதுதான். கையெழுத்துப் போட்டது நம்ம பெட்டியில மட்டும். வேற எதுலயும் இல்ல. கம்ப்யூட்டர்லயும் இல்ல. நீங்க படிச்சீங்கதானே மேடம்?"

படித்திருந்தேன். நான் கேட்டதையே அதில் படித்திருந்தேன்.

பென்சில் சுவர்ப் பலகையில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினான். பெட்டிகளில் எங்கள் பெட்டி மட்டும். எங்கள் பெட்டியில் மட்டும். தள்ளி நின்று பார்த்தான்.

"'இல்' ஒரு இடம் தள்ளிப் போயிருக்கு. அவ்வளவுதான் அக்கா."

"ஒரு விரல்," என்றேன்.

கீழே சாவி இயந்திரம் ஓடியது. பலகை நடுங்கியது.

சர்க்கரையிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அதுவரை சொன்னதில்லை. அவர் நெடுநேரம் கேட்டார். இரண்டு நாள் கழித்து அழைத்தார். மேலே பேசியிருக்கிறேன், ரொம்ப மன்றாடினேன், ஒரு சலுகை வாங்கியிருக்கிறேன் என்றார். வெளியாகி இரண்டு வருடம் போனால் கம்ப்யூட்டரில் விடலாம்.

"ரெண்டு வருஷம் பெருசு இல்ல மேடம். சில ஆட்டத்துக்கு ஆயுசுக்கும் கிடையாது."

"அண்ணனுக்குக் கழுத்து அதுவரைக்கும் இருக்காது சார்."

"ஐயோ," என்றார். உண்மையாகவே சொன்னார்.

வாரக் கடைசி வந்தது. மாடி இல்லாமல் போனேன். அண்ணன் முகம் துடைத்து, தலை வாரித் தயாராக இருந்தான். பொத்தான் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சொன்னேன்.

"கையெழுத்துப் போடலன்னா என்ன ஆகியிருக்கும்?" என்றான். அவன் பேச்சு அப்போதே மெதுவாகிவிட்டது. ஒவ்வொரு சொல்லும் ஒரு மூச்சுக்குக் காத்திருந்து வரும்.

"பன்னிரண்டாவது மாடியோட நின்னிருக்கும்."

"போட்டதால?"

"உச்சி வரைக்கும் போகும்."

"எனக்கு?"

"பன்னிரண்டு."

யோசித்தான். "ரெண்டுலயும் எனக்குப் பன்னிரண்டுதானே. அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

நான் பொத்தானின் வளைகம்பியை நேராக்கினேன்.

"லிஃப்ட் ஓடும். மெக்கானிக் வெளியே நிப்பான். முப்பது வருஷமா இதானே பாப்பா என் பொழப்பு."

அண்ணி சமையலறையில் பாத்திரத்தை வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது. "அந்தச் சர்க்கரை வீட்டுல யாருமே படுத்துக் கிடந்ததில்லையா?" என்றாள். "கேட்டுப் பாரு அவரை."

"அவரை ஏன் திட்டுறே," என்றான் அண்ணன். "அவருக்கும் மேல ஒருத்தன் இருப்பான். அவனுக்கும் மேல ஒருத்தன். லிஃப்ட் இல்லாத ஆபீஸ் போல."

எனக்கு ஒரு வழி தெரிந்தது. கம்ப்யூட்டர் வேண்டாம். அவர்கள் பெட்டியிலேயே அண்ணன் ஆடட்டும். பொத்தானைப் பெட்டியில் செருக முடிந்தால் போதும். ஒரு பெட்டியைக் கடனாக வாங்கிவந்து அண்ணன் அறை டிவியில் மாட்டினேன். பொத்தானின் கம்பியை மாற்றிப் பற்றவைத்தேன். செருகினேன். அண்ணன் கன்னத்தைத் திருப்பினான். திரையில் எழுத்து வந்தது.

இந்தத் துணைக்கருவியை அடையாளம் காண முடியவில்லை.

அண்ணன் வாசித்தான். "ஆஸ்பத்திரி கவுன்டர்லயும் என்னைப் பாத்து இதேதான் சொன்னாங்க."

வேறு கம்பி, வேறு இணைப்பு. அதே வாசகம். பெட்டியோடு பேசும் எதற்கும் உள்ளே அவர்களுடைய முத்திரைச் சில்லு இருக்க வேண்டும். அதைத் தனியாகத் தர மாட்டார்கள். சர்க்கரை வேறொரு பிரிவுக்கு எழுதினார். அந்தப் பிரிவு ஒரு பொருளை அனுப்பியது. கைப்பிடியை, அதாவது கன்ட்ரோலரை, பிடிக்க முடியாதவர்களுக்காகவே அவர்கள் செய்தது. இரண்டு அகலமான தட்டுகள். உள்ளங்கையால் தட்ட வேண்டும். நல்ல பொருள். ஒரு தட்டை அண்ணனின் கன்னத்துக்கு அருகே கட்டிப் பார்த்தோம். அவன் கழுத்துக்கு அதை அமுக்கும் பலம் இல்லை. அண்ணியின் கைக்கு அமுங்கியது.

"கேட்டதும் அனுப்பிட்டாங்களே," என்றாள் அண்ணி. அவளுக்குத் திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

அவனிடம் பன்னிரண்டு மாடி மிச்சம் இருந்தது. அதை ஆடினான். திரும்பத் திரும்ப ஆடினான். கிழவர் விழவே இல்லை. மீன் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒருநாள் ஒரே மூச்சில் கீழிருந்து பன்னிரண்டு வரை பிழையே இல்லாமல் போனான். அண்ணி அதைத் தன் போனில் எடுத்தாள். அண்ணன் முகம், பொத்தான், பின்னால் திரை. சலவைப் பிரிவில் கூட வேலை செய்பவர்களுக்கு அனுப்பினாள். என் வீட்டுக்காரர், என் நாத்தனார் செஞ்ச கேம் என்று எழுதியிருந்தாள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள்.

அந்த வாரம்தான் கம்பெனி விளையாட்டை ஊரறிய அறிவித்திருந்தது. பெரிய அரங்கு, பெரிய திரை. கடைசியில் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து: இந்தப் பெட்டியில் மட்டும்.

அண்ணியின் படத்தில் திரையின் மூலை தெரிந்தது. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டும் சின்னம் அங்கே இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு சின்னம். அண்ணனின் பிரதியில் நான் அவனுடைய பொத்தானையே வரையச் சொல்லியிருந்தேன். வட்டம். மஞ்சள்.

எதிர்க் கம்பெனிப் பெட்டியின் கைப்பிடியிலும் மஞ்சளாக ஒரு வட்டப் பொத்தான் உண்டு.

பார்த்தவர்கள் பொத்தானைத்தான் பார்த்தார்கள். மூலையைப் பெரிதாக்கி வட்டம் போட்டுக் காட்டினார்கள். அந்தப் பெட்டியிலும் வருகிறது, மறைக்கிறார்கள் என்றார்கள். படுத்திருப்பவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சர்க்கரை அழைத்தார். இனிப்பு இல்லை.

"மஞ்சப் பட்டன் எப்படி வந்தது மேடம்?"

"அது லிஃப்ட் பட்டன் சார்."

"என்ன பட்டன்?"

"லிஃப்ட் பட்டன். எங்க அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அது லிஃப்ட் பட்டன்னு நான் மேல போய் எப்படி மேடம் சொல்றது?"

"நான் வந்து சொல்லவா சார்?"

"வேண்டாம். நம்ப மாட்டாங்க. நானே இப்போதான் நம்பிக்கிட்டு இருக்கேன்."

எங்களிடமோ எங்களைச் சேர்ந்தவர்களிடமோ வேறு எந்தப் பிரதியும் இல்லை என்று நானும் பென்சிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வெளியீட்டை நிறுத்திவிடுவார்கள். அதையும் சர்க்கரை வருத்தத்தோடுதான் சொன்னார்.

"விட்டுடுங்க அக்கா," என்றான் பென்சில். "எழுதிக் கொடுத்துட்டு அண்ணன்கிட்ட இருக்கிறதை அப்படியே விட்டுடலாம். யாரு வந்து கட்டிலைப் பாக்கப் போறா?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அண்ணனிடம் போய் அதைத்தான் சொன்னேன். பொய் எழுதப் போகிறேன், நீ ஆடு, படம் மட்டும் எடுக்க வேண்டாம்.

அண்ணி சுவரோடு சாய்ந்து நின்றாள். போனை எங்கோ வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்த நாட்களில் அதைத் தொடவே இல்லை.

"மாட்டினா?" என்றான் அண்ணன்.

"மாட்ட மாட்டோம்."

"மாட்டினா பாப்பா?"

"வெளிவராது. எங்கேயும்."

"பென்சிலுக்குச் சம்பளம்?"

"வராது."

"உச்சி மாடி?"

"அதுவும்தான்."

"பன்னிரண்டு மாடியும் எனக்கு மனப்பாடம்," என்றான். "அந்தக் கிழவர் செருப்பு சைஸ்கூடச் சொல்லுவேன். நானே அழிக்கிறேன். தள்ளு."

அவன் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அந்தப் பொத்தானால்தான் செய்வான். திரையில் ஒரு வெளிச்சக் கட்டம் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டியதன் மேல் வரும்போது அழுத்த வேண்டும். கட்டம் நகர்ந்தது. விளையாட்டின் மேல் வந்தது. அழுத்தினான். அழி என்பதன் மேல் வந்தது. அழுத்தினான். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. இல்லை. ஆம். இல்லை. ஆம். கட்டம் இரண்டுக்கும் இடையே போய்ப்போய் வந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். தப்பி 'இல்லை'யின் மேல் விழட்டும் என்று நான் நினைத்தேன். பொத்தான் மஞ்சளாக எரிந்தது.

லெவல் தப்பவில்லை.

அண்ணி வெளியே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் திறந்தே இருந்தது.

விளையாட்டு வெளிவந்தது. நன்றாக ஓடியது. பேருந்து நிறுத்தத்தில் மீன் தொட்டிப் பெண்ணைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அவள் காலடியில் அந்தக் கறுப்புப் பட்டை. பென்சில் முடி வரைவதை விட்டுவிட்டான். சாவிக் கடைக்காரர் தன் மகனுக்காக என்னிடம் கையெழுத்து வாங்கினார். எதிர்க் கம்பெனிப் பெட்டி வைத்திருந்தவர்கள் எங்களைத் திட்டி எழுதினார்கள். எல்லோருக்கும் சேர்த்துச் செய்வதில் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

சர்க்கரை ஒரு பெட்டி அனுப்பினார். மேலே ஒரு அட்டை. உங்கள் அண்ணனுக்கு, அன்புடன். அவருடைய சொந்தக் காசு என்று பிறகு தெரிந்தது.

அதை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் இன்னும் மெலிந்திருந்தான். கழுத்து இருந்தது, முன்பு போலத் திரும்பவில்லை. கம்ப்யூட்டரை அண்ணி மூலையில் ஒதுக்கித் துணி போட்டு மூடியிருந்தாள். பொத்தானை மட்டும் கழற்றவில்லை. வளைகம்பியில் அப்படியே இருந்தது. அதன் கம்பி எதிலும் செருகப்படாமல் தொங்கியது.

"இருக்கட்டும்னு சொல்லிட்டாரு," என்றாள் அண்ணி. "தூங்கும்போதுகூடத் தள்ள விடமாட்டேங்கிறாரு."

டிவியை அவன் பார்வைக்கு நேராகத் திருப்பினோம். கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கைப்பிடியை எடுத்தேன்.

"நீ சொல்லு அண்ணா. நீ சொல்றப்போ நான் அழுத்துறேன். நான் வெறும் விரல்தான்."

"விரல் பேசாது," என்றான்.

லிஃப்ட் ஏறியது. முதல் மாடியில் கிழவர் தொப்பியோடு நின்றார்.

"இப்"

லிஃப்ட் தாண்டியது.

"போ," என்று முடித்தான். அழுத்தினேன். பாதி மாடி மேலே நின்றது. கிழவர் விழுந்தார்.

மறுபடி. கிழவர் விழுந்தார். அவனுக்குச் சொல் வருவதற்குள் லிஃப்ட் போய்விட்டது.

"இரு," என்றான். "பேச்சு வேண்டாம். கேளு."

லிஃப்ட் ஏறியது. எனக்குப் பின்னால் டிக் என்று ஒரு சத்தம். பொத்தான். அழுத்தினேன். இந்த முறை பாதி மாடி இல்லை. ஒரு விரல் மேலே. கிழவர் தடுக்கி விழுந்தார்.

மறுபடி டிக். ஒரு விரல். மறுபடி. ஒவ்வொரு முறையும் சரியாக ஒரே விரல். அவன் தப்பவில்லை. அவனுக்காகக் கழித்து வைத்திருந்த அந்த நேரம் விளையாட்டில் இப்போது இல்லை.

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தக் கிழவருக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?" என்றாள். யாரும் சிரிக்காததால் அவளே சிரித்தாள்.

கிழவர் எழுந்தார். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். லிஃப்ட் ஏறியது. தரை கண் முன்னால் வந்தது. என் விரல் தானாக அழுத்தியது. தரையோடு தரையாக நின்றது. கிழவர் உள்ளே வந்தார்.

டிக்.

சத்தம் பிறகுதான் வந்தது. நாங்கள் மூவரும் கேட்டோம்.

"நீ ஆடுறே," என்றான் அண்ணன்.

"இல்லண்ணா. கை தெரியாம..."

"ஆடு."

கைப்பிடியைத் தரையில் வைத்தேன். "வேண்டாம். அப்புறம் பாத்துக்கலாம். அந்த நேரத்தைத் திரும்பப் போடச் சொல்லி நான் கேட்டிருக்கேன். ஆட்டத்துல அடுத்த மாற்றம் பண்றப்போ பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க."

கேட்டது உண்மை. சொன்னதும் உண்மை. அடுத்த மாற்றம் எப்போது என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் அண்ணன் கழுத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆடு பாப்பா," என்றான். மூச்சுக்குக் காத்திருந்தான். "மேல... என்ன இருக்குன்னு... பாக்கணும்."

எடுத்தேன். ஆடினேன். இரண்டு, மூன்று, நான்கு. மாடிகள் எனக்கும் மனப்பாடம். மீன் தொட்டிப் பெண் சிந்தாமல் ஏறினாள். அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பன்னிரண்டைத் தாண்டியபோது அவன் பார்க்காத மாடி திறந்தது. யாரோ பின்னால் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். திரும்பாமல் ஆடினேன்.

ஒவ்வொரு மாடியிலும், லிஃப்ட் நின்று கதவு திறந்த பிறகு, பின்னால் டிக் என்று கேட்டது.